வெஸ்னாவின் குரல் இருந்த கேசட்

என் பெயர் பிரான்வின் டாஸ்கர். வயது 41. நியூ சவுத் வேல்ஸ், போர்ட் கெம்ப்ளா, ஓஷன் தெரு, கதவு எண் 7இல் வசித்து வருகிறேன். சலவைக்கூடத்தில் வேலை. பேஸ் கிடார் வாசிப்பேன். கடந்த ஞாயிறு காலை பதினொரு மணியளவில் ஒரு காரின் முன்கண்ணாடி உடைந்தது சம்பந்தமாகப் போலீஸ் அதிகாரி விசாரித்ததில், யார் வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

நானும் வெஸ்னா டிராய்கோவ்ஸ்காவும் பதினெட்டு வருடமாக ஒரே இசைக்குழுவில் இருக்கிறோம். அவள் பாடுவாள். எங்களுக்குக் கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. ஃபெர்கஸ் ஆலி என்ற நண்பனின் ஷெட்டில் நாங்களே பதிவு செய்து, நாங்களே கேசட்டில் நகலெடுத்து, நாங்களே அட்டை வெட்டி ஒட்டுவோம். கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றுவதில்லை என்பது எங்கள் கூட்டத்தின் கொள்கை. அந்தக் கொள்கையை எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியவள் நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரியில் வெஸ்னாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவானது. அதன் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டதால், மூன்று நாள் ஷெட்டிலேயே கிடந்து ஒன்பது பாட்டை ஒரே கேசட்டில் பதிவு செய்தோம். அதன் பிறகு கேசட்டின் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் முனைகளையும் நானே கத்தியால் உடைத்தேன். அவற்றை உடைத்துவிட்டால் மேலே வேறு எதுவும் பதியாது. அட்டை தயாராகும்வரை கேசட்டில் பெயர் எழுதும் வழக்கம் எங்களுக்கு இல்லாததால், அப்படியே ஷெட் அலமாரியில் வைத்தேன்.

நாங்கள் புதுக் கேசட் வாங்குவதில்லை. பழைய பொருள் கடையில் சர்ச் பிரசங்கக் கேசட்டுகளை மொத்தமாக வாங்கி, முனை உடைந்த ஓட்டைகளில் செல்லோடேப் ஒட்டி மறுபடி பதியும்படி செய்து, பிரசங்கத்தின் மேலேயே பதிவோம். ஒட்டுவது ஃபெர்கஸின் வேலை. ஓட்டையைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது.

ஆபரேஷன் முடிந்த பிறகு, கடந்த ஞாயிறன்று நகல் எடுக்க நானும் வெஸ்னாவும் ஷெட்டுக்குப் போனோம். கேசட்டைப் போட்டேன். 'ம்ம்ம்' என்று ஒரே சத்தம். திருப்பிப் போட்டேன். அதே சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தபோது இரண்டு ஓட்டையிலும் செல்லோடேப் இருந்தது. ஃபெர்கஸ் எட்டிப் பார்த்து, "அட, இது எங்க வீட்டு ஃபிரிட்ஜ் சத்தமாச்சே! என்னோட புது ஆல்பம். ரெண்டு பக்கமும் ஃபிரிட்ஜ்தான்" என்றான்.

"இந்தக் கேசட்டை எங்கடா எடுத்த?"

"அலமாரில சும்மா கிடந்துச்சு. பேரு கீரு ஒண்ணும் இல்ல. போட்டுக் கேட்டுட்டா பதிவாங்க? பிரசங்கத்தை எவன் கேப்பான்?"

அதன் பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனுக்கே விளங்கிவிட்டது. டிரம் ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். வெஸ்னா கேசட்டை மறுபடி போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டாள். தன் கழுத்தில் தொங்கும் சிலேட்டில், "சுருதி விலகாம நிக்குது. நான்தான் எப்பவும் விலகுவேன்" என்று எழுதிக் காட்டினாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஃபெர்கஸை அடிக்கலாம் என்றால் அவன் அழுதுகொண்டிருந்தான். எனவே பதிவுக்கருவியைத் தூக்கி வாசல் வழியாக எறிந்தேன். அது பக்கத்து வீட்டுக்காரர் காரின் மேல் விழுந்தது. கண்ணாடிக்கு ஆகும் செலவைக் கொடுத்துவிடுகிறேன்.

ஃபெர்கஸ் மீது புகார் உண்டா என்று அதிகாரி கேட்டார். என்ன குற்றம் என்று எழுதுவீர்கள் எனக் கேட்டேன். அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

மேலே உள்ளதை வாசிக்கக் கேட்டேன். நடந்தது இதுதான், கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. நான் பேசியது முழுவதும் என் குரலிலேயே பதிவாகி, கம்ப்யூட்டரில் இரண்டு இடத்தில் இருக்கும், யாராலும் அழிக்க முடியாது என்று அதிகாரி தெரிவித்தார். எனக்கு ஆட்சேபணை இல்லை.

(ஒப்பம்) பிரான்வின் டாஸ்கர்