நாலு புள்ளி ஏழு

பழைய பிராசசரைத் தூக்கிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது, மேடம். தென்காசியில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் உழைத்த பிராசசரைக்கூடக் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்டலாம். ஓவர்கிளாக் என்பார்கள். வேகத்தைக் கூட்டினால் வோல்டேஜையும் கூட்டித் தர வேண்டும். தராவிட்டால் சின்ன வேலைக்கு ஓடும். பாரமான வேலை வந்தால் உறைந்து நின்றுவிடும்.

இலஞ்சி வீட்டில் என் மனைவி ஸ்ரீமதியிடம் அப்படியொரு பழைய மெஷின்தான் இருந்தது. அவள் கட்டட வரைபடம் படித்தவள். போன மாசியில் கொச்சியில் ஒரு கம்பெனி, மூன்று மாதம் வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பச் சொன்னது. சரியாக வந்தால் அங்கேயே வேலை, குடியிருக்க வீடு. புளியறை எல்லை தாண்டித் தனியாகப் பஸ்ஸில் போய் இன்டர்வியூ முடித்துத் திரும்பிய பிறகுதான் என்னிடம் சொன்னாள். நான் கோபப்படவில்லை. நல்லபடியாகச் செய் என்றேன்.

மறுநாளே, மெஷின் ஆன் ஆகும்போதே வேகத்தைத் தீர்மானிக்கிற பயாஸில் இரண்டு செட்டிங் சேமித்தேன். ஒன்று பிராசசர் கம்பெனி சொன்ன வேகம். மற்றது அதற்கு மேலே, நாலு புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ், வோல்டேஜ் பற்றாமல். பாஸ்வேர்டும் போட்டேன். காலையில் கடைக்குக் கிளம்பும்போது நானே இரண்டாவது செட்டிங்கில் ஆன் செய்து கொடுப்பேன். சாயங்காலம் வந்து முதலாவதுக்கு மாற்றி, பகலில் நின்றுபோன அதே வரைபடத்தை அவள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டுவேன். ஒரு தடவைகூட நின்றதில்லை.

முதலில் மெஷினைத் திட்டினாள். பிறகு கரண்டைத் திட்டினாள். புது யூபிஎஸ் வாங்கி வைத்தேன். ஒரு மாதம் போனதும் திட்டுவதை விட்டுவிட்டாள்.

"நீங்க இருக்கையில ஓடுது. நான் தொட்டாத்தான் நிக்குது. எங்கிட்டதான் என்னமோ கோளாறு இருக்கு."

இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை; பொய் பேசி எனக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் ஓய்வெடு என்று தலையைத் தடவிக்கொடுத்தேன்.

கொச்சிக்காரர்கள் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தினால் வேறு கம்பெனிக்கு எழுதுவாள். ஆனியில் குற்றாலத்துச் சாரல் இலஞ்சி வரைக்கும் அடித்தது. வீடு குளிர்ந்து சூடு குறைந்ததும் மெஷின் அந்த வேகத்திலும் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. அவள் முகமும் தெளிந்தது. நாலு புள்ளி ஏழு ஆக்கினேன்.

ஆடிக் கடைசியில் திருநெல்வேலிக்கு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனதும் நான்தான். மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்கிறேன். இப்போது அவள் மிக்ஸியைத் தொடுவதில்லை. லைட் போடக்கூடக் கடைக்கு போன் செய்து, போடட்டுமா என்று கேட்கிறாள். போடு என்றால் போடுவாள். வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது. மெஷினை மட்டும் இன்னும் காலையில் ஆன் செய்து வைத்துவிட்டுத்தான் போவேன். முயன்று பார்க்க நினைத்தால் பார்க்கட்டும்.

கெடுத்தது முஃபீத். என்னிடம் தொழில் கற்று, தனிக்கடை போட்டவன். எனக்கு இரவல் கொடுத்த ஹார்ட் டிஸ்கைத் திருப்பிக் கேட்டு, நான் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறான். ஸ்கிரீனில் வேகத்தையும் வோல்டேஜையும் பார்த்துவிட்டான்.

"மதினி, ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. அண்ணாச்சிதான் வேணும்னே இப்படி வச்சிருக்காவ."

அவள் அவனை வெளியே போகச் சொன்னாள். மேடம், அதை நீங்கள் குறித்துக்கொள்ளவில்லை. வாசல் வரை வந்து, எங்க வீட்டுக்காரரைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசாதே என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவன் அவள் அண்ணனைத் தேடிப் போனான். அவர் உங்களிடம் வந்தார்.

செய்தது நான்தான். ஏழு மாதம், ஒரு நாள் விடாமல். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளிடம் போய் நீங்கள் சொல்ல வேண்டாம். காக்கியைக் கண்டால் பயந்துவிடுவாள், நம்பவும் மாட்டாள். ஒரு மணி நேரம் என்னை வீட்டுக்கு விடுங்கள். மற்றவர்கள் சொன்னால் அந்த மனசு தாங்காது. நான்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்; என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?