நாற்பத்தொன்றாம் இருக்கை

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிற பெரிய மனிதர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்பதைத்தான். இரண்டாவது, போனுக்கு சார்ஜ் ஏற்ற ஓர் இடம். உலகப் பொருளாதாரமெல்லாம் அதற்குப் பிறகுதான். இது புரியாதவன் விருந்தினர் ஏற்பாட்டுப் பிரிவில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான். நான் இருபத்தாறு வருடம் இருந்தேன்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. நானாகத்தான் வந்திருக்கிறேன், யாரும் கூட்டி வரவில்லை. நிதானமாகவே சொல்கிறேன், உங்கள் எழுத்தர் கை வலிக்காமல் எழுதிக்கொள்ளட்டும். நான்கு மாதத்துக்கு முன்னால் பொருளாதார ஒத்துழைப்புக் கூட்டத்தில், மதிய விருந்தில் இறந்துபோனாரே ஒரு பெண் பிரதிநிதி, அவரைப் பற்றித்தான். அந்த வழக்கில் என் மைத்துனன் உள்ளே இருக்கிறான். திங்கட்கிழமை தீர்ப்பு. அவன் எதுவும் செய்யவில்லை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி விளங்கும். முப்பத்துநான்கு நாடுகள், இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிநிதிகள், மூன்று நாள். அவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ‘பிரதிநிதிகளுக்கான நடைமுறைக் குறிப்பு’ என்று பதினாறு பக்கம் அனுப்புவோம். விமான நிலையத்தில் எந்த வாசலில் ஆள் நிற்பார், விடுதிச் சுவரில் இருக்கும் பிளக்குக்கு எத்தனை ஓட்டை, பேட்ஜைத் தொலைத்தால் யாரிடம் போவது, வண்டி எத்தனை நிமிடம் காத்திருக்கும், எல்லாம் அதில் இருக்கும். படிக்கிறவர்களுக்குச் சப்பென்றுதான் இருக்கும். எனக்கு அப்படி இல்லை. பதினெட்டுக் கூட்டங்களுக்கு நான்தான் எழுதினேன். ஒரு பிரதிநிதிகூட வழி தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றதில்லை.

அட்டை முறையும் நான் கொண்டுவந்ததுதான். சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவர் முன்னாலும் பெயரும் இருக்கை எண்ணும் போட்ட அட்டை நிற்கும். வெள்ளை என்றால் எல்லாம் சாப்பிடுவார். பச்சை என்றால் சைவம். சிவப்பு என்றால் சமையலறையில் தனியாக வைத்திருக்கும் தட்டைத் தவிர வேறெதையும் அவர் முன் வைக்கக் கூடாது. பரிமாறுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், பெயரைப் படிக்க வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். நிறத்தைப் பார்த்தால் போதும். இருநூறு பேருக்குப் பதினோரு நிமிடத்தில் பரிமாறி முடித்திருக்கிறோம்.

கூட்ட அரங்கிலும் இதே அளவு அட்டைதான், ஆனால் அங்கே எல்லாமே வெள்ளை. ஒரே அளவாக இருந்தால் ஒரே தாங்கி இரண்டு இடத்துக்கும் ஆகும் என்று நான்தான் அப்படிச் செய்தேன். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைத்துனனைப் பதினோரு வருடத்துக்கு முன்னால் நான்தான் வேலையில் சேர்த்துவிட்டேன். “அவனுக்கு ஒரு வழி பண்ணுங்க, என் ஒரே தம்பி” என்று என் மனைவி கேட்டாள். பண்ணினேன். பையன் கெட்டவன் இல்லை. வாய் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. வண்டி பத்து நிமிடம் தாமதமானால் பிரதிநிதியிடம் ஏதாவது ஒரு கதையைச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்துவிடுவான். எனக்கு அது வராது. என்னிடம் வண்டி தாமதமாகாது.

பத்தொன்பதாவது கூட்டத்துக்கு எங்கள் பிரிவின் இயக்குநர் அவனை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார். எனக்கு ‘ஆலோசனை’ என்று ஒரு வேலை கொடுத்தார்கள். குறிப்பை வழக்கம்போல நான்தான் எழுதினேன். அச்சாகி வந்தபோது முதல் பக்கத்தில் அவன் பெயர் இருந்தது. என் பெயரைப் பதினாறு பக்கத்திலும் தேடினேன். கடைசி அட்டையின் உட்பக்கத்தைக்கூடப் பார்த்தேன், ஐயா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். “மாமா இல்லைன்னா எனக்கு ஒரு பல்புகூட எரியாதுக்கா. மீட்டிங்ல நான் வாயைத் தொறக்கறதே மாமா எழுதிக் குடுத்ததைப் படிக்கத்தான்” என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள்கூடச் சிரித்தாள்.

கைகழுவப் போனபோது மனைவி பின்னாலேயே வந்தாள். “என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? உங்க பேரு இருந்தா என்ன, அவன் பேரு இருந்தா என்ன, எல்லாம் நம்ம வீட்டுப் பேருதானே” என்றாள்.

“ஒண்ணும் இல்ல. வயிறு சரியில்ல” என்றேன்.

எனக்குக் கோபம்தான். மறைக்கவில்லை. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள். குருவி தலையில் பனங்காயை வைத்தால் என்ன ஆகும் என்று இயக்குநர் ஒருமுறை கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு பிசகு போதும். வண்டியை மாற்றிவிடலாம், அறையை மாற்றிவிடலாம் என்றுகூட யோசித்தேன். ஆனால் அதையெல்லாம் அவன் சிரித்தே சமாளித்துவிடுவான். அவன் சிரிக்க முடியாத பிசகாக இருக்க வேண்டும்.

அந்த அம்மா ஒரு சின்ன நாட்டிலிருந்து தனியாக வந்தவர். குழுவுக்குத் தலைவரும் அவரே, செயலரும் அவரே, பெட்டி தூக்குகிறவரும் அவரே. நாற்பத்தொன்றாம் இருக்கை. படிவத்தில் உடல்நலம் என்ற இடத்தில் மற்றவர்கள் ‘இல்லை’ என்று எழுதுவார்கள். இவர் அந்தக் கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தார். முந்திரி அவருக்கு ஆகாது. ஒரு துளி போனாலும் தொண்டை வீங்கி அடைத்துவிடும், சில நிமிடத்தில் உயிரே போகலாம், தயவுசெய்து இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று இருந்தது. அவசரத்துக்குப் போட்டுக்கொள்ளும் ஊசி எப்போதும் கையோடு இருக்கும் என்றும் எழுதியிருந்தார்.

நான் அவருக்குத் தனியாகப் பதில் போட்டேன். தங்களுக்குச் சிவப்பு அட்டை, தனிச் சமையல், ஒன்பதாம் பக்கத்தில் சொன்னபடி மருந்தை எந்த அறைக்குள்ளும் கொண்டுவரலாம் என்று விவரமாக எழுதினேன். முதல் நாள் மதியம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். எந்த ஊருக்குப் போனாலும் விருந்தில் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டு எழுந்துவிடுவாராம். பல வருடம் கழித்து இன்றுதான் பயமில்லாமல் சாப்பிட்டேன் என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு உண்மையிலேயே மனம் குளிர்ந்துபோயிற்று. அந்தக் கூட்டத்தில் எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இரண்டாம் நாள். பதினொன்றரைக்கு மைத்துனன் சாப்பாட்டுக் கூடத்தின் மேசைகளைச் சரிபார்த்துப் பட்டியலில் கையெழுத்துப் போட்டான். அப்போது நாற்பத்தொன்றில் சிவப்பு அட்டைதான் இருந்தது. அவன் சரியாகத்தான் பார்த்தான். பன்னிரண்டு பத்துக்குக் கூட்ட அரங்கு இடைவேளைக்குக் கலைந்தது. நான் உள்ளே போய் அந்த அம்மாவின் வெள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சிவப்பை எடுத்துப்போய் அரங்கில் வைத்தேன். இரண்டும் ஒரே தாங்கியில் சொடுக்கென்று உட்கார்ந்தன. பார்க்கிறவர்களுக்கு யாரோ அவசரத்தில் மாற்றி வைத்ததுபோலத்தான் இருக்கும்.

கூடத்துக்குள் அவர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிகள் காலி. அட்டையைப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். இன்று ஏன் வெள்ளை என்று கேட்டார்.

இன்றைய சமையலில் முந்திரியே கிடையாது, அதனால் உங்களுக்கும் வெள்ளை என்றேன்.

அப்படியானால் இன்று நான் எல்லோரையும்போல என்று சொல்லிச் சிரித்தார். நாப்கினை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார்.

அன்றைக்குக் காளான் சூப். கெட்டியாக வருவதற்கு முந்திரியை அரைத்துவிட்டிருந்தார்கள். தலைமைப் பரிமாறுநர் ஒன்றாம் இருக்கையிலிருந்து தொடங்கினார். நான் சுவரோரம் நின்றேன். பத்து, பதினைந்து, இருபது. ஒரு சைகை காட்டினால் போதும், அவர் நின்றுவிடுவார். என்னை அவருக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். முப்பதில் ஒருவர் தண்ணீர் கேட்டார், அதனால் கொஞ்சம் தாமதமாயிற்று. நான் யோசிப்பதற்கென்றே கிடைத்த நேரம்போல இருந்தது. எதிர்ப்பக்கம் மைத்துனன் யாரோ ஒரு தூதரிடம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நாற்பத்தொன்றுக்கு வந்ததும் பரிமாறுநர் அட்டையைப் பார்த்தார், வெள்ளை, கிண்ணத்தை வைத்தார், அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார்.

மூன்று கரண்டி சாப்பிட்டிருப்பார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைத் தடவினார். அப்புறம் எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலி சரிந்தது. எல்லோரும் ஓடி வந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். உதவி கேட்கிறார் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். அவர் தன் ஊசியைக் கேட்டார்.

இதை நான் வரிசைப்படி முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு, அவர் கூடத்துக்கு ஏறி வரும்போது, மாடிப்படித் திருப்பத்தில் நான் நின்றேன். இன்று அமைச்சர் வருகிறார், பை எதுவும் உள்ளே கூடாது, நானே லாக்கரில் வைத்துவிடுகிறேன் என்றேன். ஒன்பதாம் பக்கத்தில் மருந்துக்கு விலக்கு உண்டே என்று கேட்டார். அந்த ஒன்பதாம் பக்கத்தை எழுதியவன் நான், நான் சொல்கிறேன், கவலைப்படாதீர்கள் என்றேன். மருந்துப் பையை என் கையில் கொடுத்துவிட்டு மேலே போனார்.

“சீக்கிரம் மாமா, அவங்க மருந்து லாக்கர்ல இருக்காம்ல” என்று மைத்துனன் கத்தினான். நான்தான் அவனிடம் அப்படிச் சொல்லியிருந்தேன். படியில் இறங்கிப் போனேன். லாக்கர் அறையில் யாரும் இல்லை. அங்கே ஒரு ஸ்டூல் இருந்தது, அதில் உட்கார்ந்தேன். மருத்துவர் கீழ்த்தளத்தில் இருந்தார். லிப்டை அமைச்சருக்காக நிறுத்தி வைத்திருந்ததால் அவர் படியேறி ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நானும் எழுந்து ஓடினேன். இருவரும் ஒன்றாகத்தான் உள்ளே நுழைந்தோம். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் பையை நீட்டினேன். என் வயதுக்கு இத்தனை வேகமா என்று பிறகு ஒருவர் பாராட்டினார்.

பை லாக்கருக்குப் போகவே இல்லை, ஐயா. அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டியபோது அது என் கோட்டின் உள்பையில் இருந்தது.

ஒரு சின்னப் பிசகு, ஒரு ஆம்புலன்ஸ், இரண்டு நாள் ஆஸ்பத்திரி, மைத்துனனுக்கு ஒரு கெட்ட பெயர், அவ்வளவுதான் நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பிழைத்திருந்தால் அவர் அட்டையைப் பற்றி என்னிடம் கேட்டதைச் சொல்லியிருப்பார். அவர் அதைக் கேட்பதற்கு முன்பே, மாடிப்படியிலேயே, நான் பையை வாங்கிவிட்டேன். வரிசையாகச் சொல்லும்போது எனக்கே இப்போதுதான் தெளிவாகிறது.

மைத்துனனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பட்டியலில் அவன் கையெழுத்து, அரங்கில் சிவப்பு அட்டை. போன மாதம் சிறையில் பார்த்தேன். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, ஆளே பாதியாகிவிட்டான். “நான்தான் மாத்தி வெச்சிட்டேன் போல மாமா. எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல. ஆனா கையெழுத்து என்னோடது. அந்தம்மாவுக்கு ரெண்டு பசங்களாம்” என்று அழுதான். அவனிடம் சிரிப்பே இல்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. மனைவி இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை; நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறேன். “நீங்க இல்லைன்னா நான் செத்தே போயிருப்பேன்” என்கிறாள். அப்போதும் நான் இங்கே வரவில்லை.

நேற்றுக் காலை விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. இருக்கை அட்டை முறை குழப்பமானது, அதைக் கையாள்வதில் நேர்ந்த கவனக்குறைவே மரணத்துக்குக் காரணம், இனி எந்தக் கூட்டத்திலும் அந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். “யானைக்கும் அடி சறுக்கும் சார், மனசுல வெச்சுக்காதீங்க” என்று இயக்குநர் என் தோளில் தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மைத்துனனைக் காப்பாற்ற வந்தார் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் என் மனைவிக்கு ஆறுதலாக இருக்கும், அப்படியே இருக்கட்டும். அந்த அம்மாவைக் கொன்றது நான். அட்டையில் குழப்பம் இல்லை, பரிமாறியவரிடம் தவறு இல்லை, இரண்டும் நான் வைத்தபடி வேலை செய்தன. அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. ஏழையும் அடித்துவிடச் சொல்லுங்கள், ஐயா. எங்கள் பிரிவில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.