தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள்

அம்மா: ...அதான் சொல்றேன், என் போனுக்கு என்னமோ ஆயிடுச்சு.

மகள்: அந்தச் சட்டைக் காலர என்கிட்ட குடு, நான் தைக்கிறேன். என்ன ஆச்சு போனுக்கு?

அம்மா: தொட்டா டாக்டரு வீடியோ. தள்ளிவிட்டா இன்னொரு டாக்டரு. கண்ணுக்குப் பயிற்சி சொல்லித் தருவாளே, அவள ஆளையே காணோம்.

மகள்: கண்ண உருட்டி உருட்டி அந்தம்மாவுக்கே சலிச்சுப் போயிருக்கும்.

அம்மா: கிண்டலா? ஆபரேஷன் இல்லாமலே புரை கரையும்னு அவ மட்டுமா சொன்னா? எத்தனை பேரு சொன்னாங்க. உலகமே சொல்லுச்சு.

மகள்: உலகம் எங்க சொல்லுச்சு? நீ ஒன்னைப் பார்த்தே. இவளுக்கு இதான் பிடிக்குதுன்னு அது மாதிரியே எடுத்து எடுத்துப் போட்டுச்சு. ஜவுளிக்கடையில பச்சையத் தொட்டா பச்சையா விரிப்பாங்களே, அப்படி.

அம்மா: சரி. அப்ப இப்ப ஏன் டாக்டரா விரிக்குது?

மகள்: அத விடு. இந்த ஊசியில நூலக் கோத்துக் காட்டு. கோத்துட்டா நாளைக்கு ஆஸ்பத்திரி வேணாம்.

அம்மா: வெளிச்சம் பத்தல.

மகள்: ஜன்னல் ஓரமாத்தானே உக்காந்திருக்கே. நேத்து ஒரு சட்டைக்கு இடது கைய வலது பக்கம் வெச்சுத் தச்சே. நான் பிரிச்சு மாத்தினேன்.

அம்மா: அது அசதி. கண்ணு நல்லாத்தான் இருக்கு. உன்ன இன்டர்வியூவுக்கு பஸ் ஏத்திவிட்டப்ப, ஜன்னல்ல உன் மூஞ்சி பளிச்சுனு தெரிஞ்சுது. கையாட்டினேன் இல்ல?

மகள்: ஆட்டினே, ஆட்டினே.

அம்மா: அது கிடக்கட்டும். காலையில நான் குளிச்சிட்டு வந்தா போனு ஏன்டி சுடுது?

மகள்: வெயிலு...

அம்மா: தையல் மெஷின் டிராயருக்குள்ள வெயிலா?

மகள்: ...சரி, நான்தான். நீ குளிக்கப் போனதும் எடுத்து, ஆபரேஷன் பண்ணிக்கிட்டு நல்லா இருக்கிறவங்களாத் தேடித் தேடி ஓடவிட்டேன். உன் பயிற்சிக்காரி வந்தப்பல்லாம் வேணாம்னு அமுக்கினேன். தண்ணிச் சத்தம் நிக்கிறதுக்குள்ள திரும்ப வெச்சிடுவேன்.

அம்மா: அடிப்பாவி. என் மண்டைக்குள்ள கைய விட்டிருக்கே.

மகள்: ஏற்கெனவே எவளோ விட்டுக் கலக்கிக்கிட்டிருந்தா. அவளுக்கு நான் மோசமா?

அம்மா: மோசம்தான். அவ மூஞ்சியக் காட்டிப் பேசினா. நீ ஒளிஞ்சு செஞ்சே.

மகள்: நேராச் சொன்னப்ப நீ எங்க கேட்டே?

அம்மா: கேக்க மாட்டேன். என் கண்ணு, என் இஷ்டம். நாளைக்கு நான் வரல.

மகள்: அம்மா, நாளைய விட்டா அடுத்த தேதி...

அம்மா: நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பின பிறகு. அதானே? போறதுன்னு முடிவே பண்ணிட்டியா?

மகள்: அதுலதான் குழப்பம்... கொஞ்ச நாளா என் போனத் திறந்தா, அம்மாவ விட்டுட்டுப் போனவ அழறா. வெளியூர்ல சீரழிஞ்சேன்னு ஒருத்தி அழறா. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.

அம்மா: எல்லாருமா? உலகமேவா?

மகள்: ஆமா... ஏன் சிரிக்கிறே?

அம்மா: சும்மா.

மகள்: அம்மா. நான் குளிக்கும்போது என் போன யாரு எடுக்கிறா?

அம்மா: எழுத்தே தெரியாத கண்ண வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண முடியும்?

மகள்: வாயால சொன்னாலே தேடுமே.

அம்மா: ...ரெண்டு போனுக்கும் ஒரே பூட்டு போட்டவ நீதானே.

மகள்: என்ன சொல்லித் தேடினே?

அம்மா: அம்மாவத் தனியா விட்டுட்டுப் போன பொண்ணுங்கன்னு... மெதுவாத்தான் சொன்னேன். மிச்சத்த அதுவே பாத்துக்குச்சு.

மகள்: அப்ப அந்தப் பயிற்சி? அதையாவது நிஜமா நம்பினியா?

அம்மா: முதல்ல நம்பினேன். அப்புறம்... கண்ணு சரியாயிட்டா நீ நிம்மதியாக் கிளம்பிடுவியேன்னு பயந்து, ஆபரேஷனுக்குப் போகாம உருட்டிக்கிட்டிருந்தேன்.

மகள்: நேத்து அந்தக் கம்பெனிக்கு, வரலைன்னு மெயில் போட்டுட்டேன்மா. இப்ப சந்தோஷம்தானே?

அம்மா: கூப்பிடு அவங்கள. இப்பவே. வரேன்னு சொல்லு.

மகள்: நீ ஆசைப்பட்டது இதானே?

அம்மா: நீயா விரும்பி இருக்கணும்னு ஆசைப்பட்டேன். எவளோ அழுதான்னு நீ இருக்க வேணாம். துணி வெட்டுற பிரிவுக்கே உன்னப் பொறுப்பாக் கூப்பிட்டிருக்காங்க, நீ என்னோட உக்காந்து காலர் தச்சுக்கிட்டிருக்கப் போறியா? கூப்பிடுடி.

மகள்: ஒத்துக்குவாங்களோ என்னமோ.

அம்மா: ஒத்துக்கலைன்னா போன என்கிட்ட குடு, நான் பேசுறேன்.

மகள்: சரி, கூப்பிடுறேன். அப்ப நாளைக்கு... என் டாக்டருங்கதான் ஜெயிச்சாங்களா?

அம்மா: ஆஸ்பத்திரிக்கு வரேன். ஆனா ஜெயிச்சது உன் டாக்டருமில்ல, அந்த உருட்டுக்காரியுமில்ல. போன தடவை நீ பஸ்ல எந்த ஜன்னல்ல இருந்தேன்னே தெரியாம, எவளுக்கோ கையாட்டிட்டு வந்தேன்டி. இந்தத் தடவை உனக்குத்தான் ஆட்டுவேன்.