வெள்ளை மேல் வெள்ளை

— சைபர்னா என்ன தாரணி? அவமானம். டைரக்டர் முன்னால என் டீம் ஷீட்டைத் திறந்தா, அம்மைத் தழும்பு மாதிரி அங்கங்க சைபர். இதைத் திரையில போட்டுக்கிட்டு நான் லீடர்ஷிப் பத்திப் பேசணுமா?

— அதுல பாதி லாயிட்டோட வரிதான் பாலா சார். மூணு மாசமா ப்ராஜெக்ட் குடுக்காம பெஞ்சுல உக்காத்தி வெச்சிருக்கீங்க. க்ளையன்டுக்குப் போடற பில்லிங் அவர்ஸ் சைபர்தான வரும்?

— குடுக்காமயா? அவர் பெறத் தவறினார். வார்த்தையைச் சரியா யூஸ் பண்ணு.

— சரி சார், பெறத் தவறினார். இப்ப என்ன பண்ணணும்?

— கண்டிஷனல் ஃபார்மேட்டிங். கட்டத்துல சைபர் இருந்தா எழுத்து வெள்ளையாயிடணும். வெள்ளைக் கட்டம், வெள்ளை எழுத்து. என் ஐடியா இது. மீட்டிங்ல நான்தான் சொல்லுவேன்.

— எக்செல் திறந்த எல்லாருக்கும்... சரி சார், உங்க ஐடியா. ஆனா டைரக்டர் ஆபீஸ்ல சைபர்னா ஆள் இருக்காரு, வேலை இல்லைனு அர்த்தம். கட்டம் காலியா இருந்தா ஆளே போயாச்சுனு எடுத்துப்பாங்க. குளோரியா பிரசவ லீவுல இருந்தப்ப அப்படித்தான் அவ கேட் கார்டைக் கட் பண்ணிட்டாங்க.

— அதனால?

— லாயிட்டுக்கு வேலை போயிடும் சார். அவர் வைஃபுக்கு டயாலிசிஸ் நம்ம கம்பெனி இன்ஷூரன்ஸ்லதான் ஓடுது. அதுக்காகவே மனுஷன் ஜீவனஹள்ளியிலேர்ந்து பஸ் மாறி மாறி வந்து சும்மா உக்காந்துட்டுப் போறாரு.

— இதுதான் உன்கிட்ட பிரச்சினை. கருணை நல்ல விஷயம்தான். நானே அதைப் பத்தி வெபினார் எடுத்திருக்கேன். ஆனா க்ளையன்டுக்கு அதை பில் போட முடியாதும்மா. தவிர, நாம யாரையும் அழிக்கலையே? மறைக்கறோம், அவ்வளவுதான். நம்பர் உள்ளுக்குள்ள பத்திரமா இருக்கும்.

— அதுக்கு அவர்கிட்ட நேராவே சொல்லிடலாமே சார், போயிடுங்கன்னு.

— ஐயோ, அந்த மாதிரிப் பேச்செல்லாம் எனக்கு ஒத்துக்காது. அன்னைக்குப் பூரா நெஞ்சு கரிக்கும்.

— லாயிட் வரிக்கு மட்டும் ரூல் போடவா, முழு ஷீட்டுக்குமா?

— என்ன கேள்வி! ஒருத்தருக்கு மட்டும் போட்டா பாரபட்சம்னு நாளைக்கு எவனாவது கிளம்புவான். முழு ஷீட்டுக்கும் போடு. மேலேர்ந்து கீழ வரைக்கும், ஒரு கட்டம் விடாம.

— மேலேர்ந்தேவா சார்? ஒரு தடவை யோசிச்சுக்குங்க.

— யோசிக்கறது என் வேலை. பண்றது உன் வேலை.

* * *

— குட் மார்னிங் பாலா சார். ஸ்வல்ப நில்லுங்க.

— என்ன மஞ்சுநாத், திங்கட்கிழமை அதுவுமா கேட்ல வழி மறிக்கறே?

— நம்ம லாயிட் சார் கார்டு ஓடல. காலைலேர்ந்து வெளிய பெஞ்சுல குந்திக்கினு கீறாரு. உள்ள அவரு மேஜையில வைஃபோட ஆஸ்பத்திரி ஃபைல் இருக்காம். அதை மட்டும் எடுத்துக்கினு வந்துடறேங்கறாரு. வுடட்டா?

— நோ. செக்யூரிட்டின்னா செக்யூரிட்டி. சிவப்பு லைட் எரிஞ்சா கடவுளே வந்தாலும் விடாதே. புரிஞ்சுதா?

— ஆய்த்து சார்.

— குட். இப்ப... என்ன இது? உன் மெஷின் ரிப்பேர் மஞ்சுநாத். எனக்கே சிவப்பு காட்டுது.

— இன்னொரு தபா வைங்க. ம்ஹூம். கம்ப்யூட்டர்ல உங்க பேரே வரல சார்.

— நான் யாருன்னு உனக்குத் தெரியாதா? திற!

— தெரியும் சார். ஆனா கடவுளே வந்தாலும்னு இப்பத்தான சொன்னீங்க.

— இரு, உன்னை அப்புறம் பாத்துக்கறேன். ஹலோ, தாரணி! ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், இந்த ஆளுக்கும் கேக்கற மாதிரி சொல்லு. என் கார்டுக்கு என்ன ஆச்சு?

— வெள்ளிக்கிழமை டைரக்டர் ஆபீஸ்ல ஷீட்டைப் பாத்து காலி வரியெல்லாம் தூக்கிட்டாங்க சார். மொத்தம் ரெண்டு.

— ரெண்டா? ஒண்ணு லாயிட். இன்னொண்ணு யாரு?

— மேல முதல் வரி. நீங்க மேனேஜராச்சே சார், உங்களுக்கு என்னைக்கு பில்லிங் இருந்திருக்கு? எப்பவும் சைபர்தானே.

— அது ஃபார்மேட்டிங்னு அவங்ககிட்ட சொல்லேன்! நம்பர் உள்ளேயே இருக்குன்னு சொல்லு!

— காலைலேயே சொல்லிட்டேன் சார். திருப்பிப் போடறோம், அவர் இல்லேன்னா எந்த வேலை நிக்கும்னு மட்டும் எழுதி அனுப்புங்கன்னாங்க. டீம்ல எல்லாரும் உக்காந்து யோசிச்சோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் தோணல.

— தாரணி... தாரணி? ஹலோ?

— சார், வழியில நிக்காதீங்க, பின்னால ஆளுங்க வர்றாங்க. அதோ, லாயிட் சார் பக்கத்துல பெஞ்சு காலியாத்தான் கீது.