அட்டைகளின் பின்பக்கம்

இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய நூலகர் அம்மா அவர்களே!

முப்பத்து மூன்று ஆண்டுகள் நூல்களோடு வாழ்ந்தவரே! கேட்டவருக்குக் கேட்ட நூலையும், கேட்கத் தெரியாதவருக்குத் தேவையான நூலையும் தேடித் தந்தவரே! வணக்கம்.

நீங்கள் பணியில் சேர்ந்த நாளில் நூல்கள் பூட்டிய அலமாரிகளில் இருந்தன. வாசகர்கள் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பூட்டுகளைத் திறந்து, அவர்களை அலமாரிகளுக்கு நடுவே நடக்கவிட்டவர் நீங்கள். "திருடிட்டுப் போனா யாரும்மா பொறுப்பு?" என்று மேலதிகாரி சீறியபோது, "படிக்கத்தானே சார் திருடுவாங்க" என்றீர்களாம். இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம்.

களிமண் பலகை ஓலையாயிற்று; ஓலை தாளாயிற்று; தாள் திரையாயிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ எதையோ படியெடுக்காமல் விட்டிருப்பார்கள். எங்கள் முறை வந்தபோது நாங்களும் விட்டோம்.

சென்ற ஆண்டு, உங்கள் கணவரின் அறுவை சிகிச்சைக்காக நீங்கள் ஆறு வாரம் விடுப்பில் இருந்தீர்கள். அப்போது, நூலுக்கு ஓர் அட்டையாக இழுப்பறையில் இருந்த அட்டைப் பட்டியல் முழுவதையும் கணினியில் ஏற்றினோம். தலைப்பு, ஆசிரியர், எண் என்று ஒவ்வொன்றையும் இருமுறை சரிபார்த்தோம். பிறகு பதினெட்டாயிரம் அட்டைகளையும் மூட்டை கட்டிப் பழைய தாள் கடைக்கு அனுப்பினோம். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த நீங்கள் வெற்று இழுப்பறையைத் திறந்து, மெல்ல மூடினீர்கள். "முன்பக்கமாவது பிழையில்லாம அடிச்சீங்களா?" என்றீர்கள். "ஒரு பிழை இல்லம்மா!" என்று பெருமையடித்தோம்.

மறுவாரம், இழுப்பறைக்குப் பின்னால் சிக்கியிருந்த மூன்று அட்டைகள் கிடைத்தன. பின்பக்கத்தில் உங்கள் பென்சில் எழுத்து. 'தையல்காரருக்குக் கண் மங்கல். பெரிய எழுத்துப் பதிப்பு மேல்தட்டில்.' 'பிள்ளையைப் பறிகொடுத்தவர் கேட்டால், முடிவைச் சொல்லிவிட்டுக் கொடுக்க.' மூன்றாவதைப் படிக்க எங்களுக்கு மனம் துணியவில்லை. கடைக்கு ஓடினோம். "அதெல்லாம் எப்பவோ கூழாயிருக்கும்ப்பா" என்றார் கடைக்காரர்.

எங்களை ஏன் திட்டவில்லை என்று கேட்டோம். "திட்டினா அட்டை வருமா? போய் வேலையைப் பாருங்க." கணினியில் குறிப்புக்கென ஒரு கட்டம் சேர்த்து, நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று உங்கள் எதிரே உட்கார்ந்தோம். "அந்த ஆளு முன்னால வந்து நின்னாத்தான் ஞாபகம் வருது" என்றீர்கள். கட்டம் காலியாகவே இருக்கிறது. அன்று முதல் இன்றுவரை, வாசகர் வந்தால் திரையைப் பார்ப்போம். திரை கைவிட்டால் உங்களைப் பார்ப்போம்.

நாளை முதல் அவர்கள் எங்கள் முன்னால் வந்து நிற்பார்கள்.

அம்மா, நீங்கள் உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழ வேண்டும். எல்லா மடல்களிலும் வரும் வரிதான் இது. ஆனால் நாங்கள் கூழாக்கிய பதினெட்டாயிரம் பின்பக்கங்களும் இப்போது உங்களிடம் மட்டுமே இருக்கின்றன. நன்றாக இருங்கள்.

கலங்கிய நெஞ்சுடன்,
நூலகப் பணியாளர்கள் பதினொருவர்