இரண்டு பக்கமும் கறுப்பு

மத்தியானம் இரண்டே முக்கால். ஞாயிற்றுக்கிழமை. தொழிற்பேட்டைக்குப் போகிற ரோடு... லாரி இல்லை, சைக்கிள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு ஸ்கூட்டர். பின்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.

என்ன முறைக்கிறீர்கள்? ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரவேண்டும் என்று பேய்க்கு யாராவது டைம் டேபிள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? கரண்ட் வருகிறவரைக்கும் ஒரு கதை சொல்லு என்று நச்சரித்தது நீங்கள்தான். அந்த டார்ச்சை அணையுங்கள், சார்ஜ் வீணாகிறது. கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரலாம்... ஒன்றுமில்லை. காற்று வருகிறது, அதற்காகச் சொன்னேன்.

இது என் சிநேகிதனின் அத்தானுக்கு நடந்தது. அவனுடைய அக்கா புருஷன். கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. சட்டைப் பையிலிருந்து எப்போது பார்த்தாலும் ஒரு கேபிள் எட்டிப் பார்க்கும். அதனால் அவருக்கு 'ஒயர்' என்றே பெயர். வீட்டில் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஒயருக்கு ஒரே தம்பி. அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால், அவனை வளர்த்து ஆளாக்கியது இவர்தான். தம்பிக்கு வயது முப்பது, இரண்டு பெண் குழந்தைகள். அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் கட்டிங் மெஷின் ஆபரேட்டர். அந்தக் கம்பெனியில் சொல்லிச் சேர்த்துவிட்டதும் ஒயர்தான். கையை நம்பிப் பிழைக்கிறவன். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மெஷின் எப்படி இருக்கும் தெரியுமா? இடுப்பு உயரத்தில் ஒரு இரும்பு மேஜை. மேலே குறுக்காக ஐந்தடிக் கத்தி. அட்டைக் கட்டைக் கையால் உள்ளே தள்ள வேண்டும். கத்தி விழுகிற இடம் வெளியிலிருந்து தெரியாது. அதனால் உள்ளே ஒரு காமிரா, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். திரையில் ஒரு சிவப்புக் கோடு தெரியும். கோடு இருக்கிற இடத்தில்தான் கத்தி விழும். அட்டையில் போட்ட குறி கோட்டில் வந்து உட்கார்ந்ததும் பெடலை மிதித்தால்... தட். அவ்வளவுதான்.

மெஷின் வந்தபோது பெடல் கிடையாது. இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கத்தி இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை அல்லவா? ஆனால் அதற்கு நேரம் பிடிக்கிறதாம். பட்டன் இரண்டிலும் அட்டைத் துண்டை மடித்துச் செருகி, டேப் ஒட்டி, பெடல் வைத்துவிட்டார்கள். அவசர ஆர்டர் என்றால் ஒருவன் தள்ளுவான், இன்னொருவன் மிதிப்பான். வேலை பறக்கும்.

தம்பிக்கு முன்னால் அதில் வேலை செய்தவரை 'ஆறடி' என்பார்கள். நெட்டை. திரையைப் பார்க்கக்கூடக் குனிய வேண்டும். நிமிர்ந்தால் முட்டி இரண்டும் சொடுக்கும்... டக், டக். தம்பி அப்போது அவருக்குக் கையாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஆறடி வரவில்லை. "சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்" என்றார் முதலாளி. தேடுவதற்கு அந்த மனிதருக்கு யாரும் இல்லை. தம்பி ஆபரேட்டர் ஆனான்.

சரி. அன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், மத்தியானம் அந்தக் கம்ப்யூட்டரின் பழைய மானிட்டர் புகைந்துவிட்டது. சாயங்காலம் சரக்கு லாரி ஏறியாக வேண்டும். முதலாளி ஒயருக்குப் போன் போட்டார். ஸ்கூட்டரில் கட்டியிருந்தது புது மானிட்டர். அகலம் என்றால் அப்படி ஒரு அகலம்.

உள்ளே முதலாளியும் தம்பியும் மட்டும். ஒயர் கேபிளை மாட்டினார். அந்த மெஷினின் ப்ரோக்ராம் இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய சிஸ்டத்தில்தான் ஓடும். செய்த கம்பெனியும் இல்லை, மாற்றித் தர ஆளும் இல்லை. அந்த சிஸ்டம் பிறந்த காலத்தில் திரை என்றால் கிட்டத்தட்டச் சதுரம். அகலத் திரை என்று ஒன்று வரப்போகிறது என்றே அதற்குத் தெரியாது. அதனால் இரண்டே வழி. படத்தை உள்ளபடி நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுவிடலாம். இல்லையென்றால் படத்தைப் பிடித்து இழுத்துத் திரை முழுக்கப் பரப்பலாம். பரப்பினால் எல்லாமே வீங்கிவிடும். நம்ம வீட்டு டிவியில் பழைய படம் போட்டால் ஒல்லியான ஆள்கூட மூட்டை மாதிரி தெரிவாரே, அப்படி.

ஒயர் தொழில் தெரிந்தவர். உள்ளபடியே வைத்தார். நடுவில் படம், இரண்டு பக்கமும் கறுப்பு.

துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார். இடது பக்கக் கறுப்பில்... நாலு விரல்.

படத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. கதவிடுக்கில் கை வைத்து எட்டிப் பார்ப்போமே, அப்படி. நீளமான விரல்கள். அழுக்கு என்று நினைத்து இன்னொரு தரம் துடைத்தார். துணி மேலே போனதும் விரல்கள் மடங்கி உள்ளே போயின.

அந்தக் கறுப்பில் ஒன்றும் தெரியக் கூடாது. அந்த இடத்துக்கு எந்தப் படமும் போகவில்லை. இது ஒயருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

பக்கத்தில் தம்பி நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே... கறுப்பு வேணாம்ணே. இழுத்து விட்டுடு" என்றான் மெதுவாக.

முதலாளி ஒன்றையும் பார்க்கவில்லை. அவர் கவலை அவருக்கு. "என்ன ஒயரு, இவ்ளோ அகலமா வாங்கிட்டு ரெண்டு பக்கமும் இருட்டா வச்சிருக்க? முழுசா தெரியுற மாதிரி போடு. லாரி வந்துடும்."

இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒயருக்குத் தெரியும். தம்பி இரண்டு வருஷமாகத் திரையைப் பார்த்துத்தான் கையை நிறுத்துகிறான். விரல் நுனிக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் திரையில் இத்தனை இடம் என்று கண்ணுக்குப் பழக்கம். படத்தை இழுத்தால் அந்த இடமும் சேர்ந்து அகலமாகிவிடும். கண் பழைய அளவையே தேடும். கை இன்னும் உள்ளே போகும். இதைச் சொல்ல வாயைத் திறந்தார். முதலாளி "ஆகட்டும், ஆகட்டும்" என்று கையைத் தட்டினார். அந்த விரல்களை இன்னொரு தரம் பார்த்துவிடக் கூடாதே என்கிற பயம் வேறு... சொல்லவில்லை. மானிட்டருக்கு அடியில் இருக்கிற பட்டனை அமுக்கினார். படம் விரிந்தது. கறுப்பு போய்விட்டது.

கறுப்பு போய்விட்டது. அதில் நின்றவர் எங்கே போவார்?

பின்னால், அட்டைக் கட்டுகளுக்கு நடுவில், யாரோ நிமிர்ந்து நிற்கிற சத்தம். டக்... டக். அதோடு ஒரு வாடை. ஈர அட்டையும் துருவும் கலந்த வாடை. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. கட்டை எடுத்து உள்ளே தள்ள ஆரம்பித்துவிட்டான், வேகமாக, சீக்கிரம் முடித்துவிட்டு ஓட வேண்டும்போல. முதலாளி பெடலில் காலை வைத்தார்.

தட். ஒரு கட்டு. தட். இரண்டு.

மூன்றாவது கட்டில் ஒயர் திரையைப் பார்த்தார். தம்பியின் விரல்கள் வீங்கிப் பருத்துக் கோட்டுக்குப் பக்கத்தில்... "டேய், கையை எடுடா!" என்று கத்தினார்.

தட்.

ஒரு விநாடி தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை வெளியே இழுத்துப் பார்த்தான். இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இருந்த இடத்தில் இரண்டு வெள்ளை வட்டம். வெள்ளையாக இருந்தது... பிறகுதான் சிவந்தது. குழாயைத் திறந்த மாதிரி பீய்ச்சியடித்தது. அட்டையில், திரையில், ஒயரின் மூக்குக்கண்ணாடியில். அதற்குப் பிறகுதான் தம்பி அலறினான்.

ஒயர் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். மெஷினின் இரைச்சல் நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. தன் பனியனைக் கழற்றித் தம்பியின் கையைச் சுற்றிக் கட்டி, வாசலுக்கு இழுத்து வந்து உட்காரவைத்தார். "வெரல்... அண்ணே, என் வெரல்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான் அவன். விரல்கள் கத்திக்கு அந்தப் பக்கம் கிடந்தன. பின்பக்கத் தகட்டைக் கழற்ற எட்டு போல்ட். நேரமில்லை. முன்பக்கமாகக் கத்திக்கு அடியில் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

முதலாளி ஏற்கெனவே குனிந்து தலையை உள்ளே விட்டிருந்தார். விரலைத்தான் தேடினாரா, ரத்தம் ஊறுவதற்கு முன்னால் மேல் அட்டையை உருவப் பார்த்தாரா... செத்தவரைப் பற்றி நான் ஏன் தப்பாகச் சொல்ல வேண்டும்?

வாசலிலிருந்து ஒயருக்குத் திரை நேராகத் தெரிந்தது. முதலாளியின் முகம் திரை முழுக்க அகலமாகக் கிடந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. நீளமான கை. அவர் பிடரியில் மெதுவாக உட்கார்ந்தது. தள்ளுகிறவன் அட்டைக் கட்டை நேராக்க ஒரு அமுக்கு அமுக்குவானே, அந்த மாதிரி அமுக்கியது. ஒயர் மெஷினைப் பார்த்தார். அங்கே முதலாளியைத் தவிர யாருமில்லை. திரையைப் பார்த்தார். கை இருந்தது. பெடலில் எந்தக் காலும் இல்லை. மெஷினில் கரண்டும் இல்லை.

முதலாளி, "ஏய், யாருடா அது, வி..." என்றார்.

இந்தத் தடவை அட்டை வெட்டுகிற சத்தம் இல்லை. முதலில் நறுக்கென்று, பிறகு ஈரமாக ஒரு சத்தம். கத்தி தானாக மெதுவாக மேலே ஏறியது. உடம்பு மட்டும் பின்னால் சரிந்து தரையில் உட்கார்ந்தது. கால்கள் கொஞ்ச நேரம் சிமெண்டை உதைத்துக்கொண்டிருந்தன. ஒரு செருப்பு கழன்று தூரப் போய் விழுந்தது. திரையில் அந்த முகம் அப்படியே இருந்தது. கண் திறந்தபடி.

யார் அது, போர்வையை இழுப்பது? ஆளுக்கு ஒரு ஓரம் பிடித்துக்கொள்ளுங்கள். முடியப் போகிறது.

நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். நானும்தான். ஒயரும் ஓடத்தான் எழுந்தார். தம்பி வாசல் தூணில் சாய்ந்து, பனியன் கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். "பாப்பாவுக்குச் சோறு ஊட்டணும்ணே, இந்தக் கைதான்ணே" என்றான். இடது கைக்காரன்.  ஒயர் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையால் போன விரல்கள் அவை.

உள்ளே திரும்பிப் போனார்.

முதலில் செய்தது என்ன தெரியுமா? மானிட்டரின் அடியில் தடவி அந்தப் பட்டனை அமுக்கினார். ரத்தத்தில் விரல் வழுக்கியது. இரண்டு தரம், மூன்று தரம். படம் சுருங்கி நடுவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் கறுப்பு. வலது பக்கக் கறுப்பில் ஒரு ஆள் நின்றிருந்தார். திரையின் உயரம் போதாமல் குனிந்து நின்றிருந்தார்.

"அண்ணே" என்றார் ஒயர்.  "என் தம்பி வெரலை மட்டும் எடுத்துக்கறேண்ணே. வேற ஒண்ணையும் தொட மாட்டேன்."

அந்த உருவம் அசையவில்லை. ஒயர் கண்ணை மூடிக்கொண்டு கத்திக்கு அடியில் தோள்வரை கையை விட்டார். வெதுவெதுப்பாக ஏதோ மயிர் பட்டது. அதைத் தாண்டித் துழாவினார். அட்டை. ரத்தம். அட்டை. தலைக்கு மேலே கத்தி லேசாகக் கிறீச்சிட்டது. அப்போது அவர் உள்ளங்கையில் ஏதோ வைக்கப்பட்டது. விழவில்லை... வைக்கப்பட்டது. பிறகு சில்லென்று ஒரு கை, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டது.

மூடிய கையைத் திறக்காமலே துணியில் திணித்து, தம்பியைக் கம்பெனி வேனில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்கு எப்படி ஓட்டினார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

டாக்டர் ஒரு பெண்மணி. விளக்குக்கு அடியில் துணியைப் பிரித்தார்.  தம்பியின் கையைப் பார்த்தார். திரும்பத் துணியைப் பார்த்தார்.

"தம்பிக்குப் போனது ரெண்டு விரல்தானே?"

"ஆமா டாக்டர்."

"இதுல மூணு இருக்கே."

இரண்டு விரல் ரத்தத்தோடு இருந்தன. மூன்றாவது... சுள்ளி மாதிரி காய்ந்து கறுத்திருந்தது. மற்ற இரண்டையும்விட ஒரு கணு நீளம். நகத்தில் அட்டைத் தூசு.

"இது இன்னைக்கு வெட்டுப்பட்டது இல்ல" என்றார் டாக்டர். "ரெண்டு வருஷமாவது இருக்கும். யாரோடது?"

ஒயர் தம்பியைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். 

"ஆறடி காமிராவைத் தொடைக்கத் தலையும் கையும் உள்ள விட்டுக் குனிஞ்சிருந்தார்ணே... முதலாளி அவசரப்படுத்தினார்... அன்னைக்குப் பெடலை மிதிச்சது நான்தாண்ணே."