மலைக்குப் போகாத அரிசி

சாயங்காலம் ஆறு மணி. ஜவ்வாது மலைப் பாதை. முன்னால் தனசேகரன், பின்னால் சம்பூர்ணம். வேறு ஈ காக்கை இல்லை...

சம்பூர்ணம் என் கூட்டாளி அர்ஜுனனுக்கு அத்தை. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவள். எழுபத்திரண்டாம் வருஷ ஐப்பசி மழையில் இந்த மலை சரிந்து ஓர் ஊரே மண்ணுக்குள் போயிற்று. தப்பிய கொஞ்சப் பேர் பட்டினி கிடக்கிறார்கள் என்று கேட்டு, வீடு வீடாக ஏறி இறங்கி அரிசி சேர்த்தவள் அவள்தான். லாரியில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டவன் தனசேகரன். தெருவில் பெரிய மனுஷன்.

தை மாதம், அவன் மாட்டுக் கொட்டகையில் அதே மூட்டைகளைப் பார்த்துவிட்டாள். நடுத்தெருவில் சட்டையைப் பிடித்தாள்.

"இது மிச்சம்க்கா. ஜனத்துக்கெல்லாம் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"யாருக்குக் குடுத்தே? வா, வந்து காட்டு!"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மலையில் யாராவது ரெண்டு பேரைத் தலையாட்ட வைத்தால் போகிறது என்று கிளம்பிவிட்டான்.

ஊர் வந்தது. விளக்கு இல்லை... நாய் குரைக்கவில்லை... மண் வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை. வீடுகள் கூரை வரை புதைந்து கிடந்தன. பக்கத்தில் வரிசையாகப் புது மண்மேடுகள். தப்பியவர்களும் பசியில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சம்பூர்ணத்துக்குப் புரிந்தது.

"பாவி! ஒருத்தர்கூட இல்லியேடா! யாருக்குடா குடுத்தே?"

அப்போதும் அவன் விடவில்லை. ஒரு கூரையைக் காட்டினான்.

"இதோ, இந்த வீட்டுக்கு ஒரு மூட்டை..."

"வரலியே."

கூரைக்கு அடியிலிருந்து... சின்னப் பிள்ளையின் குரல்.

அடுத்த கூரையைக் காட்டினான். "இங்க..."

"இங்கயும் வரலே." இது கிழட்டுக் குரல்.

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எவன்டா அவன், பொய் பேசிக்கினு..."

"உள்ள வந்து சொல்லு."

கூரைக்குக் கீழே ஓர் ஆள் நுழையுமளவு இருட்டு. குனிந்து நுழைந்தான்.

அப்புறம் சத்தமே இல்லை...

சம்பூர்ணத்துக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது. "வெளிய வாடா! ஒளிஞ்சிக்கினா விட்ருவனா?" என்று கத்திக்கொண்டே அந்த இருட்டுக்குள் கையை விட்டாள். விரல் மடங்கி வலித்தது. காய்ந்து இறுகிய மண். கூரை வரைக்கும். புல்கூட முளைத்திருந்தது. ஒரு பூனை நுழைய இடமில்லை.

மண்ணில் காதை வைத்தாள்.

உள்ளே... நிறைய வாய்கள். அவசர அவசரமாக மென்றுகொண்டிருந்தன.